முள் நடுவில் வரட்டும்

இராயபுரம்,
9 பிப்ரவரி 2025

அன்பு அக்கா சங்கமித்ராவுக்கு,

ஜெய்பீம். தம்பி வல்லரசு எழுதுகிறேன். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் அந்தத் தீவில் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் மூட்டு வலி குறைந்ததா? தேங்காயும் மீனும் தவிர வேறு ஏதாவது கண்ணில் படுகிறதா?

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. ஊரே வாட்ஸ்அப்பில் இருக்கும்போது இவன் ஏன் தபால்பெட்டியைத் தேடிப் போனான் என்று கேட்பாய். காசிமேட்டில் என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அரிசிக்குள் புதைத்து வைத்தும் உயிர் வரவில்லை. உனக்கும் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டி வரைக்கும் நடந்தால்தான் டவர். ஆகவே கொஞ்ச நாளைக்கு இப்படித்தான்.

பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. அப்பாவின் புல்லட்டைப் பிரித்துவிட்டேன். நம் பிளாக்கில் படிக்கட்டுக்கு அடியில் தார்ப்பாய் போர்த்தித் துருப்பிடித்துக் கிடந்ததே, அதேதான். இராயபுரத்தில் கிரில் பட்டறை வைத்திருக்கிற என் தோஸ்து தமீமை உனக்குத் தெரியும். அவனும் நானும் சேர்ந்து அதைச் சாப்பராக மாற்றுகிறோம். முன் ஃபோர்க் நீளமாக இருக்கும், சீட் தரையோடு தரையாக இருக்கும். பின்னால் ஷாக் அப்சார்பரே கிடையாது. சேஸின் பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, இரும்புக் குழாயை நேராகச் சக்கரம் வரை கொண்டுபோய் வெல்டிங் வைத்துவிடுவோம். இதற்கு ஹார்டுடெயில் என்று பெயர். ஒற்றை சீட். பார்க்கிறவன் கண் தெறித்துவிடும்.

அப்பா போன பிறகும் வண்டி இன்னும் செங்குட்டுவன் என்ற அவர் பெயரிலேயே இருக்கிறது. என் பெயருக்கு மாற்ற அம்மாவும் நீயும் கையெழுத்துப் போட வேண்டும். காகிதங்களை இதோடு வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பிவிடு.

உன் வேலை நிரந்தரமானதற்கு ஆர்டர் வந்ததா? வந்ததும் முதலில் எனக்குச் சொல்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
வல்லரசு


கமோர்ட்டா, நிக்கோபார்,
3 மார்ச் 2025

அன்புத் தம்பி வல்லரசுக்கு,

ஜெய்பீம். நானும் அம்மாவும் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன் என்று எழுதக் கை வரவில்லை.

கடிதம் வந்த அன்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அவன் அப்பன் வண்டிய வெட்டிட்டானாமே, இன்னா, கசாப்புக் கடை வச்சிக்கினானா?" என்றது. பிறகு வெற்றிலை போடாமலே படுத்துவிட்டது.

எனக்குச் சில கேள்விகள். உதைத்துக் கிளப்புவதோடு சரி, ஸ்பேனரைத் தொடாதவன் நீ. செயினுக்கு ஆயில் விடக்கூட அப்பா உன்னைத் திட்டித்தான் அனுப்புவார். உனக்கு எப்போது இந்த ஆசை வந்தது? வண்டியில் அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கை வைத்தவள் நான். பள்ளிக்கூட மைதானத்தில் "வலது கால் கியரு, இடது கால் பிரேக்கு, மறந்தா மண்ணு" என்று அப்பா பாட்டாகச் சொல்லிக் கொடுத்தது எனக்குத்தான். மற்ற வண்டியெல்லாம் இதற்குத் தலைகீழ் என்று அவர் சொல்லவே இல்லை. போன மாதம் இங்கே சுகாதார நிலையத்து பைக்கை எடுத்தேன். கியர் என்று நினைத்து வலது காலை அழுத்தினேன். அது பிரேக். டாக்டர் முன்னால் வண்டியோடு சறுக்கி மணலில் விழுந்தேன். தீவே சிரித்தது. அப்படி என் எலும்பில் ஊறின வண்டி அது. அதை வெட்டும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

அப்புறம், போன் இல்லையென்றால் தமீமின் போனில் பேசலாமே. போன ஞாயிறு ஜெட்டிக்குப் போய் அவன் நம்பருக்கு அடித்தேன். எடுத்தான், என் குரலைக் கேட்டதும் "அக்கா, சிக்னல் இல்லே" என்று வைத்துவிட்டான். சிக்னல் இல்லாதவனுக்கு அது அக்கா என்று எப்படித் தெரிந்தது?

கையெழுத்துப் போட மாட்டேன். பெயர் மாறின மறுநாளே வண்டி கைமாறும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு ஏதாவது கஷ்டம் என்றால் நேராகச் சொல். அப்பா படுக்கையில் விழுந்தபோது நர்சிங் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தவள் நான், பிறகுதான் திரும்பப் போய் முடித்தேன். இந்த வேலையும் எனக்குப் பெரிதில்லை. ஒரு வார்த்தை போதும், அடுத்த கப்பலில் ஏறிவிடுவேன்.

ஆர்டர் வரவில்லை. அக்டோபரில்தான் நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் முடிகிறது. அது உனக்கு எதற்கு?

ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா,
மித்ரா


இராயபுரம்,
30 மார்ச் 2025

என் அக்காவுக்கு,

ஜெய்பீம். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன். தமீம் வீட்டில் நோன்பு முடிகிற நேரம். அவன் அம்மா கொடுக்கிற கஞ்சியில் ஒரு சுற்று பெருத்துவிட்டேன்.

நீ மணலில் விழுந்ததைப் படித்துப் படித்துச் சிரித்தேன். தமீமும் சிரித்தான்.

ஆசை எப்போது வந்தது என்று கேட்டாய். ஆசைக்கு அப்ளிகேஷன் போட வேண்டுமா? வெட்டினால் ஏன் வலிக்க வேண்டும் அக்கா? எஞ்சின் அப்பாவுடையதுதான், டேங்க் அவருடையதுதான். பின்பக்க இரும்பு துருவேறிப் பொடிப் பொடியாய் உதிர்ந்தது. வெட்டாமல் விட்டால் அதுவே ஒருநாள் நடுரோட்டில் உடைந்திருக்கும். ஹார்டுடெயில் வைத்தால் சீட் நன்றாகக் கீழே இறங்கும். உட்கார்ந்தால் கால் தரையில் அழுத்தமாகப் பதியும். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு நடுவில் நிற்கும்போது அது ரொம்ப முக்கியம். குழியில் விழுந்தால் முதுகு பேஜாராகிவிடும், அது உண்மை. ஆனால் முதுகுதானே, தாங்கும்.

கால் வைக்கிற கட்டையையும் நன்றாக முன்னால் தள்ளிவிட்டோம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி காலை நீட்டிக்கொண்டு போகலாம்.

விற்க மாட்டேன். புத்தர் மேல் ஆணை. அம்மாவிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கி அனுப்பு. பெயர் மாறாமல் ரோட்டில் இறக்க முடியாது, பட்டறைக்குள்ளேயே முறைத்துக்கொண்டு நிற்கும்.

அக்டோபர் வரை எங்கேயும் நகராதே. லீவு, கீவு என்று எதுவும் போட்டுவிடாதே. நிரந்தரமாகிற நேரத்தில் ஒரு நாள் குறைந்தாலும் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

உன்,
வல்லரசு


கமோர்ட்டா,
2 மே 2025

தம்பி வல்லரசுக்கு,

ஜெய்பீம். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது எழுந்து என்னோடு சண்டை போடுகிறது. ஆகவே குணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அதில் வண்டி இருக்கிறது, ரோடு இருக்கிறது, தமீம் அம்மாவின் கஞ்சிகூட இருக்கிறது. நீ வேலை செய்கிற யார்டைப் பற்றி ஒரு வரி இல்லை. முன்பெல்லாம் போனில் அதைத் தவிர வேறு பேச்சே இருக்காது உனக்கு. எந்தக் கப்பல் வந்தது, எந்த சூப்பர்வைசர் திட்டினான், எந்த கன்டெய்னரில் குளிர்சாதனம் நின்று மீன் நாறியது என்று காதைத் தின்பாய்.

நம் ஊர்க்கார மேத்யூ இங்கே வருகிற கப்பலில் சமையல்காரர். அவரிடம் விசாரித்தேன். அவர் மச்சான் உன் யார்டில்தான் கிளார்க். "உன் தம்பியா? மாசக்கணக்கா ஆளையே காணோமாம்மே" என்றார். மேற்கொண்டு கேட்டால் அடுப்பில் சோறு தீய்கிறது என்று உள்ளே போய்விட்டார். இவர்களுக்கெல்லாம் நான் பேசினாலே ஏதாவது தீய்ந்துவிடுகிறது.

ஏப்ரல் பதினான்கு ஊர்வலப் படங்களை ஜெட்டியில் நின்று பார்த்தேன். வருஷா வருஷம் நீலக்கொடி கட்டிய வண்டிகளுக்கு முன்னால் நீதான் நடந்து போவாய். இந்த வருஷம் உன்னைக் காணவில்லை. படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கித் தேடினேன்.

இன்னொன்று. மூன்று கடிதமாக, சரி, இரண்டு கடிதமாக, மேலே இராயபுரம் என்று எழுதுகிறாய். வியாசர்பாடியில் மூன்றாவது மாடியில் நமக்கு ஒரு வீடு இருக்கிறது. அங்கே நீ ஏன் இல்லை? வேறு யாரையாவது குடி வைத்துவிட்டாயா? நான் இங்கே நிரந்தரமாகிவிட்டால் திரும்ப வர மாட்டேன், வீட்டையும் வண்டியையும் உன் இஷ்டத்துக்கு முடித்துவிடலாம் என்று கணக்கா? அதற்குத்தான் ஒவ்வொரு கடிதத்திலும் ஆர்டர் வந்ததா என்று கேட்கிறாயா?

எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது. என் தம்பியை இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று. ஆனாலும் கேட்கிறேன். குடிக்கிறாயா?

பதில் போடு.

மித்ரா


கமோர்ட்டா,
16 ஜூன் 2025

வல்லரசு,

இரண்டு கப்பல் வந்து போய்விட்டது. உன் கடிதம் இல்லை. கோபம் என்றால் கோபமாகவாவது எழுது. அம்மா தினமும் ஜெட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அக்கா


இராயபுரம்,
29 ஜூன் 2025

அக்காவுக்கு,

ஜெய்பீம். நலம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை, இப்போது எப்படி?

குடிக்கவில்லை. வீட்டில் யாரையும் வைக்கவில்லை. பூட்டித்தான் இருக்கிறது, சாவி கீழ்வீட்டு துரை அண்ணனிடம். வேண்டுமானால் அவரைக் கேள். பட்டறை வேலை ஜாஸ்தி, போய்வர அலைச்சல், அதனால் இங்கேயே படுத்துக்கொள்கிறேன். யார்டில் என்னை வேறு பக்கம் மாற்றுகிறார்கள், அதற்காகக் காத்திருக்கிறேன். இதற்கு மேல் கேட்காதே.

வீட்டை நான் முடித்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு பேனா எடுக்க எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

வண்டி எஞ்சின் பூட்டியாகிவிட்டது. சத்தம் அப்பா காலத்துச் சத்தமேதான், வயிற்றுக்குள் கேட்கிறது. கிக்கர் ஒன்றுதான் தொல்லை. செல்ஃப் ஸ்டார்ட் வைக்க முடியுமா என்று புதுப்பேட்டை வரை தமீம் அலைந்து பார்த்துவிட்டான். இந்தப் பழைய எஞ்சினுக்கு எதுவும் உட்காரவில்லை. தமீம் உதைக்கிறான், அவன் இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. பார்க்கலாம்.

அம்மாவை மழையில் உட்கார விடாதே.

வல்லரசு


கமோர்ட்டா,
20 ஜூலை 2025

தம்பி தமீமுக்கு,

நீயும் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். என் தம்பிக்குச் சோறு போடுகிற கைக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அவன் எதையோ மறைக்கிறான். பதினைந்து வயதிலிருந்து அந்த கிக்கரை உதைத்தவன், எங்கள் தெருவில் யாருக்கும் கிளம்பாத வண்டியை ஒரே உதையில் கிளப்பினவன், இப்போது தமீம் உதைக்கிறான் என்று எழுதுகிறான். அவனுக்கு செல்ஃப் எதற்கு? அப்பா இருந்திருந்தால் செல்ஃப் என்ற பேச்சுக்கே பட்டறையை விட்டுத் துரத்தியிருப்பார். "கிக்கர மெதுவா அமுக்கு, ஹெட்லைட்டு மேல ஆம்பியர் முள்ளு நடுவுல வரட்டும், அப்பால ஒரே உதை. அத்த உட்டுட்டு பட்டன அமுக்குறவன்லாம் மிக்ஸி வாங்கிக்கோ" என்பார்.

வல்லரசுக்கு என்ன ஆயிற்று? உன் அம்மா மேல் உனக்கு இருக்கிற பாசத்தின் பெயரால் கேட்கிறேன்.

அக்கா,
சங்கமித்ரா


இராயபுரம்,
8 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்களையும் தாயம்மா அம்மாவையும் நல்லபடியாக வைக்கட்டும். என் அம்மாவும் உங்களுக்கு துஆ செய்கிறார்கள். அன்றைக்குப் போனை வைத்தது தப்புதான். எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால்தான் வைத்தேன்.

வல்லரசைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன் என்று அவனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த வாக்கை மீற மாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள். ஆனால் வண்டியைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அதை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்கிறேன். என் கையால் செய்ததில் இதுதான் பெரிய வேலை.

கியரைக் காலிலிருந்து எடுத்துவிட்டோம். கியர் பெட்டியிலிருந்து ஒரு கம்பி மேலே வந்து, டேங்குக்கு வலது பக்கம் கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கிறது. பிடி வைத்த இடத்தில் உங்கள் அப்பா எடுத்து வைத்திருந்த ஒரு பழைய கதவுக் குமிழைப் போட்டிருக்கிறோம். இடது கை கிளட்ச், வலது கையால் கியர். நியூட்ரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை, ஒரு மாதம் போராடினோம். பிரேக்கில் கை வைக்கவில்லை, இடது காலிலேயே முன்பு மாதிரியே இருக்கிறது. சீட்டை இரண்டு முறை இறக்கினோம், உட்கார்ந்தால் இடது கால் பாதம் முழுசாகத் தரையில் பதிகிறது. வலது பக்கம் கால் வைக்கிற கட்டைக்குப் பதில் படகு மாதிரி ஒரு தொட்டி அடித்தேன். ஷூ நழுவாமல் இருக்க ஒரு பெல்ட்டும் வைத்தேன். அதற்கு மட்டும் மூன்று முறை அளவு எடுத்தேன்.

கிக்கர்தான் எங்களைத் தோற்கடித்தது. அது வலது பக்கமே இருக்கிறது.

வண்டி நல்லபடியாக ஓடும் அக்கா. அதற்கு நான் பொறுப்பு. கையெழுத்தை அனுப்பிவிடுங்கள். அதற்காக அவன் ரொம்பவும் காத்திருக்கிறான்.

தம்பி,
தமீம்


கமோர்ட்டா,
27 ஆகஸ்ட் 2025

என் ராசா வல்லரசு,

ஜெய்பீம். இந்த முறை உன் நலத்தை நான் விசாரிக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

தமீமைத் திட்டாதே. அவன் உன்னைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை. வண்டியைப் பற்றித்தான் எழுதினான். அதைப் படித்துவிட்டு நான் முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, நம் வண்டியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தேன். நீங்கள் செய்த வண்டியை மனசுக்குள் ஓட்டினேன். கிளட்சுக்கு இடது கை போனது. கியருக்கு வலது கை போனது. பிரேக்கை இடது கால் அழுத்தியது. என் வலது கால் கியரைத் தேடித் தேடிக் காற்றில் துழாவியது. அது செய்ய ஒரு வேலையும் இல்லை.

வலது காலுக்கு வேலையே இல்லாத வண்டியை எவன் கட்டுவான்? மூன்றாவது மாடி ஏற முடியாதவன் கட்டுவான். ஊர்வலத்தில் நடக்க முடியாதவன் கட்டுவான். வீடியோ காலுக்குப் பயந்து போனைக் கடலில் போட்டவன் கட்டுவான். நான் ஒரு நர்ஸ். வார்டில் எத்தனை பேருக்குக் கட்டு மாற்றியிருக்கிறேன். என் தம்பி கால் விஷயத்தில் மட்டும் நான் குடிக்கிறாயா, வீட்டை முடிக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருக்கிறது.

ஆர்டர் வந்ததா என்று நீ ஏன் கேட்டுக்கொண்டே இருந்தாய் என்பதும் புரிந்தது. ஒரு வார்த்தை போதும், கப்பல் ஏறுகிறேன் என்று எழுதி உன் வாயை அடைத்தவளே நான்தான். உண்மையைச் சொல்கிறேன், தமீம் கடிதம் வந்த அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன். அம்மாதான் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "நீ ஓடியாறக் கூடாதுன்னுதானேடி அவன் இத்தினி மாசம் வாய மூடிகினு கீறான். இப்ப நீ போனா அவன் பட்டது அத்தினியும் வேஸ்ட்டு" என்றது. பெட்டியைப் பிரித்துவிட்டேன். அக்டோபர் வரை வர மாட்டேன்.

கையெழுத்துகள் இதோடு இருக்கின்றன. அம்மா பெயரை முழுசாக எழுதியிருக்கிறது, "தா" மட்டும் கொஞ்சம் கலைந்துவிட்டது.

ஒரே ஒரு கேள்வி. முட்டிக்கு மேலா, கீழா?

உன் அக்கா


இராயபுரம்,
14 செப்டம்பர் 2025

அக்கா,

ஜெய்பீம். கீழே.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டேன். இப்போது இலேசாக இருக்கிறது. இனி உனக்கு எழுதும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று யோசிக்க வேண்டாம்.

போன வருஷம் நவம்பர் மழையில் நடந்தது. அடுக்கியிருந்த கன்டெய்னரின் பூட்டைக் கழற்றும்போது மேலே இருந்த கனத்த இரும்புக் கம்பி நழுவிப் பாதத்தில் விழுந்தது. முதலில் விரல் என்றார்கள், பிறகு பாதம் என்றார்கள். புண் ஏறிக்கொண்டே போனது. பொங்கலுக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். நான் தூங்கி எழுந்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பக்கத்தில் தமீம் அம்மா உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்கள். போன் தண்ணீரில் விழவில்லை. நான்தான் நம்பரை மாற்றினேன். நீ என் குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய்.

யார்டில் இப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் எடைமேடையில் உட்காருகிற வேலை தருகிறார்கள். அங்கே போக நேர் பஸ் கிடையாது. பக்கத்தில் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் தருகிறோம், எழுதிக் கொடு என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஒருநாள் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் நின்றால் எல்லார் கண்ணும் முதலில் பக்கத்துச் சக்கரத்தைப் பார்க்கும், அடுத்து என் காலைப் பார்க்கும், அப்புறம் முகத்தைப் பார்த்து "அடடா" என்னும். எனக்கு அந்த அடடா வேண்டாம். தமீமிடம் சொன்னேன், "மாமு, வண்டிய மட்டும் பாக்குற மாரி ஒண்ணு பண்ணு, என்னிய எவனும் பாக்கக் கூடாது." அப்படித்தான் சாப்பர் வந்தது.

நேற்று கையெழுத்து வந்து சேர்ந்தது. இன்று காலை பட்டறைச் சந்தில் முதல் முறையாக ஓட்டினேன். டீக்கடையில் இருந்தவனெல்லாம் எழுந்து வந்துவிட்டான். "இன்னா தலைவா, பின்னால ஷாக்கே காணோம்?" என்று கேட்டான் ஒருத்தன். அக்கா, காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்.

இன்னும் ஆர்.டி.ஓ.விடம் காட்டி, மாற்றியதற்கு அனுமதி வாங்க வேண்டும். அவர் எந்த முகத்தோடு பார்ப்பாரோ தெரியவில்லை. அது வரை சந்துக்குள்தான் ராஜாங்கம்.

கிக்கர் மட்டும் தீரவில்லை. பக்கத்தில் நின்று இடது காலால் உதைத்துப் பார்த்தேன், வண்டியும் நானும் சேர்ந்து சாய்ந்தோம். காலையில் தமீம் உதைப்பான். சாயங்காலம் எடைமேடை வாட்ச்மேன் சண்முகவேல் உதைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊரெல்லாம் உதைக்கிற வண்டி ஆகிவிட்டது நம் அப்பா வண்டி. அதை நினைத்தால்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இப்போது தைரியமாகக் கேட்கிறேன், ஆர்டர் வந்ததா?

வல்லரசு


கமோர்ட்டா,
5 நவம்பர் 2025

என் தம்பிக்கு,

ஜெய்பீம். எடுத்த காலின் முனையில் தோல் சிவக்கிறதா, செயற்கைக்காலுக்குள் காலுறை இரண்டு போடுகிறாயா, ராத்திரி கழற்றிக் காற்றாட வைக்கிறாயா? இனி ஒவ்வொரு கடிதத்திலும் என் நல விசாரிப்பு இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆர்டர் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். டாக்டர் வாழ்த்துச் சொன்னார். நான் அந்த இடத்திலேயே லீவு கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். முப்பது நாள் கொடுத்திருக்கிறார்.

கீழே என்று நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்தபோது அது தன் முட்டியைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம், "முட்டி கீதில்ல? முட்டி கீதுன்னா ஏறி எறங்கலாம்" என்றது. பிறகு அழுதது. நானும் அழுதேன். சேர்த்து வைத்து ஒரு வழியாக அழுது முடித்துவிட்டோம், ஆகவே துறைமுகத்தில் அழ மாட்டோம், நீ பயப்படாதே.

மாதக் கடைசியில் வருகிற கப்பலில் ஏறுகிறோம். நீ வண்டியில் வர வேண்டாம், அனுமதி வரும் வரை சந்திலேயே நிற்கட்டும். நாங்கள் நேராகப் பட்டறைக்கு வருகிறோம். தமீமின் பின்னால் ஒளியாமல் வாசலில் நில். உன் ஒற்றை சீட்டில் எனக்கு இடமில்லை என்று தெரியும், நான் ஏற வரவில்லை. அங்கே இருக்கிற முப்பது நாளும் தமீமுக்கு அந்த வேலையிலிருந்து விடுமுறை என்று சொல்லிவிடு.

நீ சீட்டில் உட்கார்ந்து இடது காலை ஊன்றிக்கொள். கியரை நியூட்ரலில் வை. முள் நடுவில் வந்ததும் எனக்குச் சொல். உதைக்கிறது நான்.

உன் அக்கா,
சங்கமித்ரா